நீலப் பொட்டில்லாத பூச்சி

பொழுது சாயத் தொடங்கியதும் அணைப்பக்கமிருந்து தூவி கிளம்பி வரும். நாலு விசிறிகளைச் சுழற்றிக்கொண்டு, தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்தில் பறக்கிற எந்திரம் அது. வயிற்றைத் திறந்து மாவுப்பூச்சிகளைத் தாமிரபரணி நெடுகத் தூவிக்கொண்டே போகும். தவிடும் மீனெண்ணெயும் குழைத்து அச்சில் அடித்த பூச்சிகள். அவை விழுந்த மாத்திரத்தில் ஆறு கொதிக்கிற உலைபோல ஆகிவிடும். குஞ்சிலிருந்தே மேலே பார்த்துத் தின்னப் பழக்கிய பெருங்கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு வரும்.

அந்தக் கொதிப்புக்குத்தான், மீன் காப்பகத்துக்கு விருந்தாளிகளாக வரும் தூண்டில் வீச்சுக்காரர்கள் காத்திருப்பார்கள். கோலை முன்னும் பின்னும் அசைத்து, தங்கூசி நரம்பின் நுனியில் கட்டிய பூச்சியை நடு ஆற்றில் பஞ்சுபோல இறக்குவார்கள். அவர்கள் ட்ரை ஃப்ளை என்று சொல்வதற்குக் காப்பகம் வைத்த பெயர் மிதவைப்பூச்சி. அது நனையக் கூடாது, மூழ்கக் கூடாது. தூவி போட்டதுதான் இது என்று மீன் நம்ப வேண்டும். நம்பி ஏமாந்த மீனைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

கீழே, ஆறு ஆழமில்லாமல் பரந்து ஓடுகிற இடத்தில், குருவம்மாளும் ஞானப்பூவும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வலையோடு நிற்பார்கள். பகலெல்லாம் காப்பகக் கூடத்தில் உட்கார்ந்து மிதவைப்பூச்சி கட்டுவது, அந்தியில் அறுந்து வருவதையும் மிஞ்சி வருவதையும் வாரி எடுப்பது, இதுதான் அவர்கள் வேலை.

"ஏட்டி குருவு, அந்தா ஒன் பூச்சி வருது பாரு. மீன் மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது" என்றாள் ஞானப்பூ.

"மீனுக்கு என்னத்தத் தெரியும் மதினி? நேத்து ஒண்ணு ஒங்க கொண்டை ஊசியையே கவ்வ வந்துதே."

"அதுக்காவது எம்மேல ஆசை இருக்கு. ஒங்கண்ணனுக்கு அதுகூட இல்ல."

குருவம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பூச்சியை வலையில் அள்ளி, சிறகைப் புரட்டிப் பார்த்தாள். நீலப் பொட்டு இருந்தது. அவள் கட்டியதுதான். சேவல் கழுத்திறகு ஒரு பக்கம் சரிந்து, குடித்தவன் நடையாக மிதந்து வந்திருக்கிறது. மீன் திரும்பிப் போனதில் தப்பில்லை.

காப்பகத்தின் பூச்சி ஒவ்வொன்றிலும், அது மாவானாலும் இறகானாலும், சிறகின் அடியில் ஒரு நீலப் பொட்டு உண்டு. வெளியாள் கட்டிய பூச்சி உள்ளே வந்தால் மீனின் பழக்கம் கெட்டுப்போகும் என்பது அங்கே சட்டம். பொட்டில்லாதது எது கண்ணில் பட்டாலும் கரையிலுள்ள சுண்ணாம்பு வாளியில் போட்டுவிட்டு மேற்பார்வை தளவாய் சாரிடம் சொல்ல வேண்டும்.

ஞானப்பூவின் பூச்சியை மீன் மறுத்து யாரும் பார்த்ததில்லை. விருந்தாளிகள் பேர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போவார்கள். குருவம்மாளின் பூச்சியோ ஆடி மாதத்திலிருந்தே பெட்டியில் தங்கிப்போகிறது. கண் மங்கியதுதான் காரணம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வயலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வயல் என்றால் பூத்தொடும் வேலை. குருவம்மாள் பிறப்பதற்கு முன்னாலேயே, மருந்துக் காலத்தில், கொசுவை ஒழிக்கிறோம் என்று தொடங்கி வண்டு, தேனீ, தும்பி என்று பறவையைவிடச் சிறிதாகப் பறந்த எல்லாவற்றையும் ஒழித்திருந்தார்கள். அதற்குப் பிறகு கத்தரியானாலும் பூசணியானாலும், மனுஷி குனிந்து பூவுக்குப் பூ தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய்க்கும். குருவம்மாள் அந்த வேலையிலிருந்து வந்தவள். வெயில் முதுகில் ஏற, நாள் முழுக்கக் குனிந்தபடி நகர்ந்த இடுப்பு அவளுடையது. கூடத்து நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று எழுந்திருக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. கட்டக் கற்றுக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தவள் ஞானப்பூதான்.

"புதுசா ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கேன்டி" என்று கரையேறும்போது ஞானப்பூ சொன்னாள். "முடியட்டும், காட்டுதேன். பாத்தா நீயே வாயத் தொறந்து கவ்விருவ."

குருவம்மாள் வலையை முறுக்கிப் பிழிந்தாள். இருக்கிறதே போதாதா இவளுக்கு? இன்னும் புதுசு வேறா?

மலையில் மழை பெய்து ஆறு லேசாகக் கலங்கிய ஓர் அந்தியில், ஞானப்பூ காய்ச்சலென்று வரவில்லை. தூவி வந்து போய்விட்டது. கொதிப்பு அடங்கி, விருந்தாளிகள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். குருவம்மாள் வலையை உதறிவிட்டுக் கிளம்பும்போது பெரிய பாறைக்குப் பின்பக்கம் 'களக்' என்று சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. மீன் எழும்பித் தின்கிறது. தின்ன அங்கே என்ன இருக்கிறது?

பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். அந்தத் தேங்கிய தண்ணீர் நெடுக, சின்னச் சின்னப் பாய்மரம் விரித்ததுபோல, பூச்சிகள் நின்றன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்தாள். கண்ணாடிபோலச் சிறகு, அதில் முடியைவிட மெல்லிய நரம்போட்டம். பின்னால் மூன்று இழை வால். தூண்டில் முள் இல்லை. புரட்டிப் பார்த்தாள். பொட்டும் இல்லை.

அது உள்ளங்கையில் நடுங்கியது. அதில் அவள் ஆச்சரியப்படவில்லை. விலை கூடின மிதவைப்பூச்சிகளுக்குள் துடிகம்பி வைப்பது இப்போது வழக்கம்தான். அவளை அறைந்தது கட்டின நேர்த்தி. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய பூச்சிப் படத்தில் எப்படியோ அப்படியே இருந்தது. படத்தைவிடவும் நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் இடுக்கியில் முள்ளை மாட்டி அவள் கட்டியதெல்லாம் இதற்கு முன்னால் குப்பை.

'காய்ச்சலாமே காய்ச்சல்' என்று நினைத்தாள். 'வீட்டுல உக்காந்து இதைத்தான் கட்டியிருக்கா. களவாக் கொண்டாந்து விட்டு மீன் கவ்வுதான்னு பாக்கா. நாளைக்கு இதைக் கொண்டுபோய் தளவாய் முன்னால வச்சா, எனக்குக் கூடத்துல என்ன வேலை?'

வலையை வீசி அள்ளினாள். அள்ளியதை வாளியில் கொட்டினாள். திரும்பவும் அள்ளினாள். அப்போது சில பூச்சிகள் தண்ணீரைவிட்டு எழும்பி அவள் முகத்துக்கு நேரே பறந்தன.

"பறக்கவும் வச்சிருக்காளே பாவி!" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவற்றையும் வலையால் அடித்து வீழ்த்தினாள். மூச்சு வாங்கியது. ஒன்றையும் விடவில்லை. தண்ணீர் வெறுமையானதும், கெண்டை ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போயிற்று.

பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று இரண்டை மட்டும் வெற்றிலைச் செப்பில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தளவாயின் அறைக்குப் போனாள்.

"பொட்டில்லாத பூச்சி சார். பாறைக்குப் பின்னால ஒரு வலை அளவுக்குக் கெடந்துது. வாளியில போட்டுட்டேன்."

தளவாய் வாளியைக் குச்சியால் கிண்டினார். சுண்ணாம்பில் எல்லாம் கூழாகிக் கிடந்தது. அவரும் மருந்துக் காலத்துக்குப் பின்னால் பிறந்தவர்தான். "யாரு வேலைன்னு தெரியுமா?" என்றார்.

பேரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "இப்படிக் கட்டுத கை இங்க ஒண்ணுதான சார் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை கூடத்தில் எல்லார் முன்னாலும் விசாரணை நடந்தது. ஞானப்பூ காய்ச்சல் முகத்தோடு நின்றாள்.

"நான் கட்டினா நான்தான் கட்டினேன்னு தெருத் தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரிவேனே சார். எனக்கு அடக்கம் ஒடுக்கம் கெடையாதுன்னு ஊருக்கே தெரியும்லா."

யாரோ சிரித்தார்கள். தளவாய் சிரிக்கவில்லை. அவளுடைய பெட்டியைத் திறந்து கொட்டினார்கள். புதுசாகக் கட்டிக்கொண்டிருந்தது அதில் இருந்தது. பழுப்பு இறகு வைத்த கொழுத்த வண்டு, அரைகுறையாக நின்ற கால்கள், சிறகடியில் ஒழுங்காக நீலப் பொட்டு. பாறைக்குப் பின்னால் மிதந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மிதந்ததை முழுசாகப் பார்த்திருந்தவள் குருவம்மாள் ஒருத்திதான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். "நாளையிலிருந்து வயலுக்குப் போ" என்று தளவாய் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போகும்போது ஞானப்பூ இவள் மேசைக்கு வந்தாள். தன் லென்சைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்தாள்.

"நீ வச்சுக்கட்டி. ஒனக்குக் கண்ணு மங்குது. யாருக்கும் தெரியாதுன்னா நெனச்ச? கத்தரிப்பூவுக்கு எனக்கு லென்சு எதுக்கு?"

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு குருவம்மாள் செப்பைத் திறந்தாள். ஒரு பூச்சியை இடுக்கியில் பொருத்தி, அந்த லென்சை வைத்துப் பார்த்தாள். நூலின் முடிச்சைத் தேடினாள். எப்பேர்ப்பட்ட கைகாரியானாலும் தலைக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் ஆக வேண்டும். அங்கே முடிச்சு இல்லை. வாலடியில் இருக்குமோ என்று பார்த்தாள், அங்கேயும் இல்லை. கம்பியையாவது பார்ப்போம் என்று ஊசியால் வயிற்றை மெல்லக் கீறினாள்.

கம்பி வரவில்லை. ஈரம் வந்தது. ஊசி நுனியில் மஞ்சளாக, கம்பு மாவைவிடப் பொடிசாக, ஒட்டிக்கொண்டு வந்தது. லென்சைக் கிட்டே கொண்டுபோனாள். ஒவ்வொன்றும் தனித்தனி உருண்டை.

மீன் அறுத்த கைக்கு அது என்னவென்று தெரியாதா? சினை.

ஊசியை வைத்துவிட்டாள். வலையை வீசிய தோள் திடீரென்று வலிக்க ஆரம்பித்தது. மலை மேலே மருந்து எட்டாத ஏதோ ஓர் ஓடையில், யாருக்கும் தெரியாமல், இவ்வளவு காலம் இருந்திருக்கிறது. மழைத் தண்ணீரோடு இறங்கி வந்து, இந்த ஆற்றில் முட்டையிடலாம் என்று பார்த்திருக்கிறது. உயிரொன்று முகத்துக்கு நேரே பறந்து வந்ததை, பறக்கவும் வச்சிருக்காளே என்று திட்டி அடித்தோமே. யாரும் பார்க்கவில்லை என்றாலும் அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று அந்தியில் வலையில்லாமல் பாறைக்குப் பின்னால் போய் நின்றாள். அடுத்த நாளும் போனாள். மிதந்து வந்த ஒவ்வொன்றின் சிறகிலும் நீலப் பொட்டு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்கு விடுமுறை. வயலுக்கு விடுமுறை கிடையாது. கத்தரிப் பாத்திக்கு நடுவே ஞானப்பூ குனிந்து நின்றிருந்தாள். தூரிகை நுனி மஞ்சளாக இருந்தது.

"வாட்டி" என்றாள், நிமிராமலே. "நீதான் சொன்னேன்னு தெரியும். தளவாய் வாயில என்ன நிக்கும்? அன்னைக்கே தெரிஞ்சிருந்தா லென்சை ஆத்துல வீசியிருப்பேன்."

குருவம்மாள் லென்சை நீட்டினாள். ஞானப்பூ வாங்கவில்லை. பிறகு செப்பைத் திறந்து நீட்டினாள். மிஞ்சியிருந்த ஒன்று வெற்றிலைத் துணுக்கின் மேல் காய்ந்து கிடந்தது.

ஞானப்பூ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். செப்பை வாங்கிப் பார்த்தாள். கோபத்தோடுதான் பார்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கோபம் எங்கேயோ போய்விட்டது. லென்சைப் பிடுங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"அடியே!" என்றாள். "நீயா கட்டின?"

ஞானப்பூ பதிலுக்குக் காத்திராமல் செப்பை வெயிலுக்குத் திருப்பினாள்.

"இந்தச் சிறகு எதுல எடுத்த? இறகு மாதிரியும் இல்ல, தாள் மாதிரியும் இல்ல. கால்ல மடிப்புக்கூட வச்சிருக்க! சாமி சத்தியமா எனக்கு இது வராது, கேட்டியா? இவ்வளவு கையை வச்சுக்கிட்டா என்னைக் கண்டு பயந்த? கூறுகெட்ட மூதி! என்கிட்ட சொல்லியிருந்தா நானே தளவாய்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஞானப்பூவின் முகத்தில் இருந்தது சுத்தமான சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அவள் குருவம்மாளை மெச்சியது அதுதான் முதல் தடவை.

"முடிச்ச எங்கட்டி ஒளிச்ச?" ஞானப்பூ பூச்சியைத் தூரிகை முடியால் மெல்லப் புரட்டினாள். மகரந்தம் கொஞ்சம் அதன் சிறகில் ஒட்டிக்கொண்டது. "காணுமே. வயித்துக்கு அடியிலயா?"

"முடிச்சு இல்ல மதினி."

"முடிச்சு இல்லாம எப்படிட்டி நிக்கும்?"

"கட்டினதில்ல. இன்னொண்ணக் கீறிப் பாத்தேன். உள்ள சினை இருந்துது."

ஞானப்பூ இன்னும் புரட்டிக்கொண்டிருந்தாள். விரல் தன்பாட்டுக்கு முடிச்சைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. பாத்தி பாத்தியாக, தொடப்படாத பூக்கள் வெயிலில் காத்துக் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். கையிலிருந்த தூரிகையைப் பார்த்தாள். செப்பை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள், காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதுபோல.

"எத்தனை இருந்துது?" என்றாள்.

குருவம்மாள் அன்றைக்கு வாளி தூக்கிய கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். கையில் வாளி இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"வலை நெறைய மதினி" என்றாள்.