பசித்த அச்சு

பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவள் வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலிருந்தே தூறல். லேப் இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். படியேறும்போதே மெழுகு உருகும் வாடையும் பிளாஸ்டர் தூளின் வாடையும் மூக்கில் ஏறின. அங்கே பல்செட் செய்வார்கள். பல் போன வாயை அச்செடுத்து டாக்டர்கள் அனுப்புவார்கள். அந்த அச்சின் மேல் சிவப்பு மெழுகை வார்த்து, ஒவ்வொரு பல்லாக அதில் நிறுத்துவது அவள் வேலை. கை சுத்தம், கண் சுத்தம் என்று பேர் வாங்கியவள்.

ஆனால் அன்று அவள் தோளில் புதிதாக ஒரு பை தொங்கியது. உள்ளே பால் எடுக்கும் பம்ப்.

"இதெல்லாம் எங்க உக்காந்து எடுப்பே?" என்றார் முதலாளி, கண்ணாடியைத் தூக்காமலே. "பாத்ரூம் இருக்குல்ல?"

"குழந்தை குடிக்கிற பால் சார்," என்றாள் அவள்.

"பாத்ரூம்ல உக்காந்து நீங்க டிபன் சாப்பிடுவீங்களா?" என்றாள் பாலிஷ் அக்கா, மெஷினை நிறுத்திவிட்டு. முடிந்த பல்செட்டுகளைத் தேய்த்து மினுக்குபவள். முதலாளியிடம் வாய் கொடுக்கத் துணிந்தவள் அந்த லேப்பில் அவள் ஒருத்திதான்.

முதலாளி இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் எறிந்தார். "அச்சு ரூம் சும்மாதான் கிடக்கு. அங்க போய்த் தொலை. போனா போன எடம்னு உக்காந்துடாத."

அச்சு ரூம் கூடத்தின் கடைசியில் இருந்தது. ஜன்னல் இல்லை. வேலை முடிந்த அச்சுகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் வருஷக்கணக்காக அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். தரையிலிருந்து கூரைவரை பலகைகள். பலகை முழுக்க வெள்ளை வாய்கள். பல் இல்லாத ஈறுகள், திறந்தது திறந்தபடி.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கதவைத் தாழிட்டாள்.

அந்தப் பம்பை அவள் லேசில் வாங்கிவிடவில்லை. கணவனின் அக்கா தான் பயன்படுத்திய பழைய பம்பைக் கொடுக்க வந்தாள். "நல்லாத்தான் ஓடுது, எதுக்கு புதுசு?" என்றாள். ஆனால் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் விஷயம் பார்க்கும் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அடுத்தவங்க பம்ப் வேண்டாம்மா. மோட்டாருக்குள்ள போன பாலை யாராலயும் கழுவ முடியாது, பூஞ்சை பிடிச்சிடும். வேலைக்குப் போறவளுக்கு கரண்ட் பம்ப்தான் சரி, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுக்கும். மார்புல வைக்கிற புனல் மட்டும் அளவு பார்த்து வாங்கு. சின்னதா இருந்தா காம்பு புண்ணாகும், பெருசா இருந்தா பால் வராது." அளந்து பார்த்து, அதற்கேற்ற புனலோடு வாங்கி, பாகங்களை வெந்நீரில் போட்டு எடுத்து, வீட்டில் பழகியும் பார்த்தாயிற்று. வீட்டில் பால் பீய்ச்சிக்கொண்டு வந்தது.

அச்சு ரூமிலும் வந்தது. புனலின் கழுத்தில் வெள்ளைக் கீற்றுகள் தெறிப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். மார்பும் இளகித் தளர்ந்தது. போதும் என்று பாட்டிலைக் கழற்றினாள்.

அடியில் வெறும் ஈரம்.

குழாயில் ஓட்டை இல்லை. மடியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் மெஷினை அணைத்துவிட்டு மார்பில் ஒட்டியிருந்த இன்னொரு புனலை எடுக்கப் போனாள்.

மெஷின் நின்ற பிறகும் அது ஒரு தடவை இழுத்தது.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் குழந்தை அழுது அழுது குரல் கம்மிக் கிடந்தது. பகலில் அதைப் பார்த்துக்கொள்பவள் நாத்தனார்தான். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாய் பாலை வெச்சுட்டு நாள் முழுக்க நான் எப்படி சமாளிக்கிறது? பால் இல்லன்னா இல்லன்னு ஒத்துக்கோயேன்."

"இருக்கு அண்ணி. பம்ப்தான் ஏதோ சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். குழந்தையின் கன்னம் வாடத் தொடங்கியது. அவள் பெர்மிஷன் போட்டுவிட்டு நர்ஸிடம் ஓடினாள். நர்ஸின் அறையில் அதே பம்ப், அதே புனல். பாட்டில் கழுத்துவரை நிறைந்தது.

நர்ஸ் அவள் முகத்தையே பார்த்தாள். "பம்பும் நல்லாருக்கு, பாலும் நல்லாருக்கு. நீ எங்க உக்காந்து எடுக்கறே?"

அவள் சொன்னாள்.

"பயந்தா பால் இறங்காதும்மா. மனசு இறுகினா மாரும் இறுகும். மெஷின் சத்தம் ஒத்துக்கலன்னா கை பம்பை எடுத்துட்டுப் போய்ப் பாரு. அது உன் கைக்குள்ள இருக்கும். நீ அழுத்தினாத்தான் இழுக்கும்."

நீ அழுத்தினால்தான் இழுக்கும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் மறுநாள் அச்சு ரூமுக்குள் போனாள். கூடத்தில் பாலிஷ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். பட்டப்பகல். அவள் கைப்பிடியை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். பால் இறங்கியது. பாட்டிலில் மெல்ல ஏறியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டிலைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மூடியைத் தேடினாள்.

பால் குறைந்துகொண்டிருந்தது.

ஒரு மிடறு. ஒரு இடைவெளி. இன்னொரு மிடறு.

பிறகு அவள் அதைக் கேட்டாள். முதலில் விழுங்கும் சத்தம். அடுத்து புரையேறியது போல ஒரு திணறல். மூக்கு வழியாக நீர் பொங்கி வரும் கொரகொர சத்தம். சின்னஞ்சிறிய தும்மல்.

மேலிருந்து வெதுவெதுப்பாக ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. தொட்டுப் பார்த்தாள். பால்.

ஸ்டூல் மேல் ஏறியது எப்படி என்று பிறகு யோசித்தபோதும் அவளுக்கு விளங்கவில்லை. மேல் பலகையில், பெரிய வாய்களுக்குப் பின்னால், கைக்குள் அடங்கிவிடும் ஒரு அச்சு இருந்தது. கைக்குழந்தையின் மேல்வாய். நடுவில் முன்னிருந்து பின்வரை பிளந்து கிடந்தது. அந்தப் பிளவு நிறையப் பால். பாலின் மேல் ஒரு குமிழி ஊதி, பெரிதாகி, உடைந்தது.

உள்ளிருந்து மூச்சு விட்டால்தான் அப்படிக் குமிழி வரும்.

மதியச் சாப்பாட்டில் பாலிஷ் அக்காவிடம் அந்த அச்சைப் பற்றிக் கேட்டாள். அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அது இன்னும் இருக்கா?" என்றாள். "நீ இங்க சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. மேல்வாய் பிளந்து பொறந்த குழந்தைடி. அதால உறிஞ்ச முடியாது. ஊட்டினாலும் மூக்கு வழியா வந்துடும். மேல்வாய்ல மாட்ட ஒரு தகடு பண்ணிக் கொடுங்க, பிளவை மூடிட்டா குடிக்கும்னு டாக்டர் அச்செடுத்து அனுப்பினார். நம்ம முதலாளி என்னடான்னா, யாரோ கல்யாண மாப்பிள்ளைக்கு முன்பல் அவசரம்னு அதை ஓரமா வெச்சுட்டார். அதைப் பெத்த பொண்ணு தினமும் வந்து படிக்கட்டுல உக்காந்திருப்பா. ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சு கிடக்கும். பால் இருக்கு, குடிக்கத்தான் வாய் இல்ல."

"குழந்தை?"

அக்கா டப்பாவை மூடினாள்.

அன்று முதல் அவள் தன் மேசையில் அந்தச் சின்ன அச்சை வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் மெழுகை வார்த்து பிளவின் மேல் பாலம் போட்டாள். ஓரங்களை விரல் நுனியால் தடவித் தடவி வழித்தாள். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"செத்த பிள்ளைக்கு பல்செட்டா? வந்த வேலையைப் பாரும்மா."

"நீங்க பாதியில விட்ட வேலைதான் சார்."

அவர் முகம் கறுத்தது. திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டார்.

இரண்டு விரல் அகலமே உள்ள இளஞ்சிவப்புத் தகடு உருவானது. பாலிஷ் அக்காவே அதை மினுக்கிக் கொடுத்தாள். அவள் அச்சு ரூமுக்குள் போய், அச்சை மேல் பலகையில் வைத்து, தகட்டை அதில் பொருத்தினாள். க்ளிக் என்று உட்கார்ந்தது. "இனிமே உனக்கு மூக்குல ஏறாதுடா. நிம்மதியா போ" என்று மெல்லச் சொன்னாள்.

அன்று கரண்ட் பம்பில் இரண்டு பாட்டிலும் நிறைந்தன.

மறுநாளும் நிறைந்தன. குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு நாத்தனாரின் தோளில் ஏப்பம் விட்டது. "பார்றா, மகராசிக்கு பால் ஊறிடுச்சு" என்றாள் நாத்தனார். அதில் குத்தல் பாதி, சந்தோஷம் பாதி. அவள் நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு பாவத்துக்குத் தன் கையால் பரிகாரம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள், ஒரு காலை வேளையில் அவள் அச்சு ரூமில் உட்கார்ந்து ரவிக்கையின் கொக்கியை அவிழ்த்தாள். பம்ப் இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

ஜில்லென்று ஒரு ஈறு அவளைக் கவ்வியது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் மார்பு முன்னால் இழுபட்டு நீள்வதுதான் தெரிந்தது. கையால் தள்ளினாள். கை காற்றில் போனது. இழுப்பு விடவில்லை.

இப்போது திணறல் இல்லை. புரையேறவில்லை. தும்மல் இல்லை.

மடக். மடக். மடக்.

அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அது வாயில் வாங்கியதில் பாதி மூக்கில் வழிந்துபோனது. அரைகுறையாகப் பசியாறி, களைத்து விட்டுவிடும். இப்போது அதற்கு வாய் இருக்கிறது. அவள் செய்து கொடுத்த வாய்.

"போதும்டா கண்ணு," என்று கிசுகிசுத்தாள். "விட்டுடு."

மடக். மடக்.

"என் குழந்தைக்கு வேணும்டா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அது நின்றது. ஒரு கணம்தான். பிறகு முன்னைவிட ஆங்காரமாக இழுத்தது. வலி முதுகெலும்புவரை ஓடியது. அறையின் வெள்ளை வாய்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அவள் ஸ்டூலோடு விழுந்த சத்தம் கேட்டுத்தான் பாலிஷ் அக்கா ஓடிவந்து தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள்.

தூக்கி உட்கார வைத்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. காம்பைச் சுற்றிப் பிறை போலக் கன்றிய கீறல், ரத்தம் கசிய. தகட்டின் ஓரம் எத்தனை வளைவோ அத்தனை வளைவு. அக்கா நிமிர்ந்து மேல் பலகையைப் பார்த்தாள்.

அச்சு காய்ந்து கிடந்தது. தகடு அதில் இல்லை.

"பேயாவது பிசாசாவது" என்று முதலாளி சுத்தியலை எடுத்துவந்து அந்த அச்சை எல்லார் முன்னாலும் உடைத்துத் தூளாக்கினார். தகட்டைத் தேடி ஒவ்வொரு பலகையாகத் துழாவினார்கள். கிடைக்கவில்லை. அவள் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் படியிறங்கினாள். பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

வீட்டில் இருந்ததும் எல்லாம் சீரானது. புண் ஆறியது. பம்பைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். குழந்தை நேரடியாகவே குடித்தது. அதன் கையில் சதை மடிப்பு விழ ஆரம்பித்தது. நாத்தனார்கூட, "வேலை கிடக்குது போ, பிள்ளை தேறிடுச்சு" என்றாள்.

ஒரு மத்தியானம் நாத்தனார் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அவள் குழந்தையை இடப்பக்கம் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் குழந்தை குடித்தால் மறுபக்கம் தானாகச் சொட்டும், பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரிந்ததுதான். அதற்காக வலப்பக்கம் ஒரு துணியை ஒற்றி வைத்திருந்தாள்.

"துணி நனைஞ்சிருக்கும், இந்தா, மாத்திக்கோ" என்று நாத்தனார் புதுத் துணியை நீட்டினாள்.

அவள் பழையதை எடுத்துப் பார்த்தாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது. மார்பு மட்டும் இளகிக்கொண்டே இருந்தது.

"அண்ணி," என்றாள், குரல் எழும்பாமல். "உங்களுக்குக் கேக்குதா?"

நாத்தனாரின் கை மடிப்பில் அப்படியே நின்றது. அவள் பார்வை குழந்தையின் முகத்தின் மேல் இருந்தது.

குழந்தை எப்போதோ குடிப்பதை நிறுத்திவிட்டது. வாயை எடுத்துவிட்டு வலப்பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

விழுங்கும் சத்தம் நிற்கவில்லை.