இடப்பக்கமாக மூன்று சுற்று

மூன்றாம் கூடத்தில் இருப்போர் எண்ணிக்கை பூச்சியம் என்று டேப்லெட் காட்டியது. அபிநந்தன் அந்தப் பூச்சியத்தை, மூன்றாம் கூடத்தின் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி படித்தான்.

கூரையின் நான்கு மூலையிலும் எண்ணும் கருவிகள் இருந்தன. அவை யாரையும் தவறவிட்டதில்லை. போன மாதம் வாசல் வழியாகப் புகுந்த ஒரு குரங்கைக்கூட அவை பார்வையாளராகச் சேர்த்துக்கொண்டன. அந்தக் குரங்கு சராசரி ஆளைவிட அதிக நேரம் ஓவியங்களைப் பார்த்ததாகவும் பதிவாகியிருந்தது. அபிநந்தன் கையை உயர்த்தி ஆட்டினான். பூச்சியம். எழுந்து நின்றான். பூச்சியம். யாரும் இல்லாத தைரியத்தில் ஒருமுறை குதித்தும் பார்த்தான்.

டேப்லெட்டை அணைத்துப் போடலாம் என்று திரையைத் தொட்டான். திரை அசையவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டான். வாயால் ஊதிவிட்டுத் தொட்டான். கண்ணாடிக்கு அடியில் பூச்சியம் அப்படியே இருந்தது, மூடாத கண் போல.

காலை ஒன்பதரை மணி. பௌர்ணமி. வெளியே செங்கம் சாலையில் ஆட்டோக்களின் ஹாரனும் ஆயிரக்கணக்கான காலடிகளும் ஒன்றாகக் கலந்து, பெரிய அண்டாவில் ஏதோ கொதிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஏசியின் மெல்லிய உறுமல், புது வார்னிஷ் வாசனை, சன்னல் இல்லாத சுவர்களில் மஞ்சள் விளக்கு. ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, காபிக் கடைகளுக்கும் வாடகை அறைகளுக்கும் நடுவில் ஒரு அறக்கட்டளை கட்டிய ஓவிய அருங்காட்சியகம் அது. மூன்றாம் கூடத்தில் பதினெட்டு ஓவியங்கள். பதினெட்டும் மலை. ஊதா மலை, தங்க மலை, நடுவில் கண் முளைத்த மலை. இந்த ஊருக்கு வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர்கள் வரைந்தவை. வெளியே இலவசமாகத் தெரியும் மலையை மறைத்துச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரில் இவற்றை மாட்டியிருந்தார்கள்.

திறந்த புதிதில் ஒரு தொல்லை இருந்தது. ஊர்க்காரர்களுக்கு மலையைக் கண்டால் கால் தானாக வலம் வரத் தொடங்கிவிடும். படத்தில் இருந்தாலும் மலைதானே. நுழைவில் கொடுக்கிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, எங்கும் நிற்காமல் ஒரு வலம் வந்து நாலே நிமிடத்தில் வெளியே போய் மோர் குடித்தார்கள். ‘பார்வையாளர் ஈடுபாடு’ என்ற கட்டம் சிவந்தது. மென்பொருள் கொடுத்தவர்கள் பெங்களூரிலிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பி விளக்கம் கேட்டார்கள்.

குரல் வழிகாட்டிக்குப் பொறுப்பு அபிநந்தன். ஹெட்போனில் பேசுவதும் அவன் குரல்தான். இருபது நிமிடம் படித்துக் கொடுத்தான். மீதியை இயந்திரமே அவன் தொண்டையில் பேசிக்கொண்டது. யோசனையும் அவனுடையதுதான். சுற்றைத் திருப்பிவிடலாம், இடப்பக்கமாக. பழகாத திசையில் நடப்பவன் தடுமாறுவான், தடுமாறுகிறவன் நிற்பான், நிற்கிறவன் பார்ப்பான். முதல் சுற்றில் வடிவம், இரண்டாவதில் வண்ணம், மூன்றாவதில் கதை. ஈடுபாடு நாலு நிமிடத்திலிருந்து பத்தொன்பதுக்கு ஏறியது. அவனுக்குக் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

இருசப்பனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிற காவலாளி. நடு நாற்காலி அப்போது அவருடையது.

“என்ன நடுவுல ஒக்கார வெச்சு, இடமா மூணு சுத்து சுத்த வெக்கிறீங்களே சார்.”

“ஏன், தலை சுத்துதா?”

“நம்ம ஊர்ல அப்படி எதச் சுத்துவாங்கன்னு தெரியாதா?”

“எத?”

“பொணத்த சார்.”

அபிநந்தன் சிரித்தான். மனம்விட்டுச் சிரித்தான். நாற்காலியையாவது ஓரமாகப் போட்டுக்கொள்கிறேன் என்று அவர் கெஞ்சியதற்கு, “நடுவுல இருந்தாத்தான் பதினெட்டும் தெரியும்” என்று சொல்லிவிட்டான். மதியச் சாப்பாட்டின்போது எல்லாரிடமும் அதை அவர் குரலிலேயே நடித்தும் காட்டினான். நல்ல வரவேற்பு.

சுற்றைத் திருப்பிய இருபத்திரண்டாம் நாள் இருசப்பன் நாற்காலியிலேயே செத்துப்போனார். உயிர் போனது பன்னிரண்டு மணி வாக்கில் என்றார் மருத்துவர். அவர் சரிந்து விழுந்தது நாலு மணிக்கு. இடையில் அறுபத்துமூன்று பேர் அவரைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்குப் பார்வையாளர்கள் கொடுத்த மதிப்பெண் ஐந்துக்கு நாலு புள்ளி ஒன்பது.

அதற்குப் பிறகு நடு நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. “உன் ஐடியா, உன் ரூட்டு. கொஞ்ச நாள் நீயே ஒக்காருடா அபி” என்று மேலாளர் விமல்ராஜ் சொல்லிவிட்டார்.

இன்று மூன்றாவது நாள். முதல் நாள் மாலை அவனுடைய செல்போன் அவன் முகத்தை அடையாளம் காண மறுத்தது. இரண்டாம் நாள் தானியங்கிக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. வரவேற்பில் இருக்கும் கீதாஞ்சலிக்குத் திறந்தது, அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு வெளியேறினான். இன்று பூச்சியம்.

விமல்ராஜ் கையில் டீயோடு வந்தார்.

“சார், ரூட்ட வலப்பக்கமா மாத்திடலாம். இப்பவே.”

“பௌர்ணமியும் அதுவுமா? ஆயிரம் பேர் வர்றான்டா.”

“டேப்லெட்டு என் விரல எடுக்க மாட்டேங்குது. நீங்களே மாத்துங்க. அந்த அம்புக்குறிய அமுக்குனா போதும்.”

விமல்ராஜ் அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். சட்டென்று விட்டுவிட்டு, பிடித்த கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டார். “ஜில்லுனு இருக்கு. ஏசிய கம்மி பண்ணச் சொல்றேன்.” பிறகு தன் விரலால் திரையைத் தொட்டார். அது குழந்தை போல உடனே விழித்துக்கொண்டது. “எனக்கு எடுக்குதே.”

“சார், விளையாட்டு இல்ல.”

“இருசப்பன் சொன்னப்ப விளையாட்டா இருந்துச்சு இல்ல? அந்த சீன நீதான நடிச்சுக் காட்டுன. இப்ப அந்தாளு டயலாக்க நீ பேசற.”

“நாற்காலியயாவது ஓரமா…”

“நடுவுல இருந்தாத்தான் பதினெட்டும் தெரியும்” என்றார் விமல்ராஜ், அபிநந்தனின் குரலில். நன்றாகவே நடித்தார். சிரித்துக்கொண்டே போனார். கதவு அவருக்குத் திறந்தது, மூடியது. பின்னாலேயே ஓடிய அபிநந்தனின் மூக்கு கண்ணாடியில் இடித்தது.

பத்து மணிக்கு முதல் குழு உள்ளே வந்தது. அவர்கள் வருவதற்குக் கதவு திறந்த நொடியில் வெளியேறிவிடப் பார்த்தான். நாற்பது பேர் ஒரே நெரிசலாகத் தள்ளி அவனைக் கூடத்தின் நடுவுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். செருப்பில்லாத கால்கள் வழவழத்த தரையில் தேய்ந்தன. விபூதி, வியர்வை, கற்பூரம், தலையில் வாடத் தொடங்கிய மல்லி. இடப்பக்கமாகத் திரும்பினார்கள். அவன் சுவரோரமாகப் போய் நின்றான். முழங்கால் மடிந்தது, மூச்சு பாதியில் நின்றது, கண்ணுக்கு முன்னால் பதினெட்டு மலைகளும் கறுத்தன. தவழ்ந்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

பதினோரு மணிக்கு ஒரு முறை எழ முயன்றான். பன்னிரண்டுக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே நாற்காலி எது, தான் எது என்று தெரியவில்லை.

கத்தினான். ஒருவர்கூடத் திரும்பவில்லை. வெளிச்சத்தம் துளியும் புகாத ரகமாகப் பார்த்து அந்த ஹெட்போன்களைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தான். ஹெட்போன் இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று விதி போட்டவனும்.

மதியம் குழுக்களின் நடை மாறியிருந்தது. முதலில் ஓவியங்களைப் பார்த்து நடந்தவர்கள், இப்போது ஓவியங்களுக்கு முதுகு காட்டி நடந்தார்கள். நாற்பது முகங்கள் உள்நோக்கி, அவனை நோக்கி. யாரும் பயப்படவில்லை. ஒரு நல்ல படத்தைப் பார்க்கிற மரியாதை. ஒரு பெரியவர் குனிந்து அவன் காதோரத்தை ஆராய்ந்துவிட்டு, தலையை ஆட்டிப் பாராட்டிவிட்டு நகர்ந்தார்.

அவன் காதில் பணியாளர்களுக்குக் கொடுக்கிற சிறிய ஒலிக்கருவி இருந்தது. அதில் அவன் குரலே கேட்டது. அவன் படித்துக் கொடுக்காத வரிகள்.

‘நடுவில் இருப்பது பத்தொன்பதாவது.’

ஐந்து மணிக்கு அவன் மனைவி குசுமாவதி வருவாள். சமணர்களான அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்துவிட்டால் யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லை. வேலை ஆறரை வரை என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே அவள் சாப்பாடு கொண்டுவந்துவிடுவாள். கூடவே மகள் தீக்ஷாவும் வருவாள், ஆறு வயது. காலையிலிருந்து அவன் அந்த ஐந்து மணிக்காகத்தான் காத்திருந்தான். அவள் கையைப் பிடித்தால் எழுந்துவிடலாம். அவளோடு ஒட்டிக்கொண்டால் கதவு திறக்கும்.

மூன்றரை மணிக்குத்தான் இன்னொன்று உறைத்தது. அவளுக்கும் ஹெட்போன் கொடுப்பார்கள்.

செல்போனை எடுத்தான். முகம் தெரியவில்லை என்றது. எண்களை அழுத்தினான். கண்ணாடியில் விரல் பட்ட இடத்தில் ரேகைகூட விழவில்லை. மூக்கால் அழுத்தினான். நாக்கால் தொட்டான். கண்ணாடி சுவையே இல்லாமல் இருந்தது. எதுவுமே சுவையில்லாமல் இருந்தது. செல்போன் நழுவியது. விழுந்த சத்தம் அவனுக்கு வெகு தூரத்தில் கேட்டது.

வராதே. இன்று மட்டும் வராதே.

நாலு மணி. சுற்று.

நாலரை. சுற்று. சாமந்தி வாசனை. எங்கிருந்தோ ஊதுவத்தி.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

குசுமாவதி ஒரு கையில் டிபன் பையோடு வந்தாள். தீக்ஷாவின் சிறிய தலையில் ஹெட்போன் நிற்காமல் வழுக்கியது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே அவனைப் பார்த்துவிட்டாள். “அப்பா” என்று வாய் அசைந்தது. ஓடி வர ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“குசுமா! அதக் கழட்டு! பாப்பா காதுல இருந்து அதக் கழட்டு!”

வாய் திறந்ததா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

குசுமாவதி நின்றாள். எதையோ கவனித்துக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த குரல். வீட்டில் கேட்கிற குரல். நம்பத் தகுந்த குரல். மகளின் தோளில் கை வைத்தாள். இடப்பக்கமாகத் திருப்பினாள்.

‘முதல் சுற்று. வடிவத்தைக் கவனியுங்கள். தோள்கள் எப்படிச் சரிந்திருக்கின்றன, பாருங்கள்.’

இருவரும் நடந்தார்கள். அவள் கண்கள் அவன் மேல் இருந்தன. அவனிடம் இல்லை.

விரல். ஒரு விரலாவது அசையட்டும். அவன் தன் உயிர் முழுவதையும் வலது கைச் சுண்டுவிரலில் கொண்டுபோய்க் குவித்தான்.

அசையவில்லை.

‘இரண்டாம் சுற்று. வண்ணத்தைக் கவனியுங்கள். நகக்கண்களில் தொடங்குகிறது. உதட்டில் முடிகிறது.’

தீக்ஷா குனிந்து அவன் நகங்களைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வண்ணங்களின் பெயர் படிக்கிறவள். உதடு அசைந்தது. நீலம்.

இன்னும் ஒரு சுற்று. ஒன்றே ஒன்று. தடுக்கி விழு. தண்ணீர் கேள். அழு, கண்ணு, அழு. குழந்தைகள் அழுவார்களே.

‘மூன்றாம் சுற்று. கதை. இவருக்கு ஒரு மனைவி இருந்தாள். ஒரு பெண் குழந்தையும் இருந்தது.’

குசுமாவதியின் கண் நிறைந்தது. புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். முன்னால் போகிற பெண் திரும்பி அவளைப் பார்த்து, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்பது போலத் தலையசைத்தாள்.

சுற்று முடிந்தது. கால்கள் நின்றன. ஏசி நின்றது. நாற்பது ஹெட்போன்களில் அவன் குரல் மென்மையாக, மிகுந்த கனிவோடு சொன்னது:

‘அவ்வளவுதான். இனி திரும்பிப் பார்க்காமல் போங்கள்.’

நாற்பது முதுகுகள் வாசலை நோக்கி நகர்ந்தன. கதவு எல்லாருக்கும் திறந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. வாசலைத் தாண்டும்போது தீக்ஷாவின் கழுத்து மட்டும் மெல்லத் திரும்பத் தொடங்கியது. காது தெரிந்தது, கன்னம் தெரிந்தது, இமையின் ஓரம் தெரிந்தது.

குசுமாவதி நடையை நிறுத்தாமல், கீழே பார்க்காமல், குழந்தையின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து அந்த முகத்தை முன்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.