பெட்டிக்குப் பின்னால் காய்ந்த காலுறை

சுவா ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் எஸ்டேட் லயத்தில், வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆகவே பக்கத்து வீட்டுப் புனிதன் விவகாரம் எனக்குத் தெரிந்ததில் என் தவறு எதுவும் இல்லை.

ஆயுத பூசையன்று மத்தியானம், சுண்டல் கொடுக்கும் சாக்கில் போனேன். முன் அறை இரும்புத் தட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி. சந்தனம், குங்குமம் வைத்து, ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்திருந்தான். ஆயுதங்களுக்கு அன்றைக்கு ஓய்வு அல்லவா?

தெமியாங் டவுனில் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் அது. புனிதனும் அவன் கூட்டாளி முகுந்தனும் மலிவாக வாங்கி, பழைய மெமரி தேடிப் பூட்டி, ஒரே பெட்டிக்குள் ஐந்தாறு சர்வர்களைத் தனித்தனியாக ஓடவிட்டுப் பழகினார்கள்.

"நம்ம லயம் மாதிரிதான்கா. ஒரே கூரை, உள்ளுக்குள்ள தனித்தனி வீடு. ஒருத்தர் சங்கதி இன்னொருத்தருக்குத் தெரியாது," என்றான் முகுந்தன் ஒருமுறை. எந்த லயத்தைச் சொல்கிறானோ என்று நினைத்துக்கொண்டேன்.

மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தால், முகுந்தன் பெட்டியின் பின்னால் வரும் அனல் காற்றில் காலுறையைக் காயப்போடுவான். அந்த நாற்றம் சுவர் தாண்டி வரும். எனக்குச் சோறு இறங்காது.

செண்டாயானில் ஒரு கம்பெனி புனிதனைக் கூப்பிட்டு, இருவரையும் இன்டர்வியூவுக்கு வரச் சொன்னது. தள்ளிப்போய்விட்டது என்று முகுந்தனிடம் போனில் சொல்லிவிட்டுப் புனிதன் தனியாகப் போனான். இருவரும் கட்டியதைத் தன்னுடையது என்று காட்டி வேலையும் வாங்கிக்கொண்டான். விஷயம் எப்படியோ முகுந்தன் காதுக்கு எட்டியது. நேரில் கேட்க அடைமழையில் புறப்பட்டவன், வழியிலேயே லோரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான்.

நான் சுண்டலை நீட்டும்போதே முகுந்தனின் தங்கை மாதவி வாசலில் வந்து நின்றாள். அண்ணன் கட்டிய சர்வர் மட்டும் வேண்டும், அவன் கைவேலை என்று வேறு ஒன்றும் தன்னிடம் இல்லை என்றாள். அதை அழித்தாகிவிட்டது என்றான் புனிதன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சரி. இன்டர்வியூ தள்ளிப்போச்சுன்னு அண்ணன்கிட்ட யாரு சொன்னது?"

புனிதன் சுண்டலை மென்றுகொண்டே இருந்தான். விழுங்கவில்லை.

பெட்டிக்குள் காற்றாடி சுழன்றது.

ஒயர் மேலேதான் சுருண்டு கிடந்தது.

பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் திரையும் மெல்ல வெளுத்தது. ஐந்தாறு சர்வர் பெயர்களுக்கு நடுவே ஒன்றின் பக்கத்தில் மட்டும் பச்சைப் புள்ளி. முகுந்தன். ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு அந்த ஈரக் காலுறை வாடை வந்தது.

"தூக்கிட்டுப் போயிரும்மா," என்றான் புனிதன்.

மாதவி பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி எடுத்துப் போனாள். அவள் கைக்குப் போனதும் அது அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மழையே இல்லை. செம்பனை ஓலையெல்லாம் கருகிக் கிடக்கிறது. ஆனாலும் சுவருக்கு அப்பால் காற்றாடிச் சத்தம் ஓயவில்லை. புது இயந்திரம் வாங்கிவிட்டான், நமக்குச் சொல்லவில்லை என்று இருந்தேன்.

இன்று காலையில் பலகையைத் தட்டினான்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

போனேன். இரும்புத் தட்டு காலி. காலித் தட்டின் பின்விளிம்பில் ஒரு ஜோடி காலுறை தொங்கிக்கொண்டிருந்தது, நீர் சொட்டச் சொட்ட.

தொட்டுப் பார்த்தேன்.

சுவர்ப் பக்கம் ஈரம். தட்டுப் பக்கம் மட்டும் சூடாகக் காய்ந்துகொண்டிருந்தது.