பனிமங்கலத்துப் பூசணிக்காய்

காலையில் எழுந்ததும் வடிவாம்பாள் செய்கிற முதல் வேலை, பூசணிக்காயின் ஸ்வெட்டரைக் கழற்றுவது. பிறகு அதன் உடம்புச் சூட்டைப் பார்ப்பாள். பதினெட்டு டிகிரி இருந்தால் நிம்மதி. பதினாறுக்கு இறங்கியிருந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் கணவன் குணசீலனின் போர்வையை உருவிக்கொண்டு வந்து காய்க்குப் போர்த்துவாள். அவனும் முனகிவிட்டுச் சுருண்டுகொள்வான். பனிமங்கலத்தில் இது குடும்ப வழக்கம்.

பூமியிலிருந்து நான்கு ஒளியாண்டு தள்ளியிருந்த அந்தக் கோளில் ஆண்டுக்கு நாற்பத்தோரு நாள்தான் கோடை. அதற்குள் விதைத்து, பூத்து, காய்த்து முடித்துவிட வேண்டும். மற்ற நாள்களில் மண் பாறையாகிவிடும். ஊர் மக்கள் தொட்டியில் வளரும் பாசியைத்தான் சாம்பார், கூட்டு, அல்வா என்று விதவிதமாகப் பெயர் வைத்துச் சாப்பிட்டார்கள். மற்ற வீடுகளில் நட்டவை முளைக்கும் முன்பே விறைத்துவிட்டன. வடிவாம்பாளின் கொடியில் மட்டும் ஒரு காய் நின்றது. குடியேற்றக் குழுவின் விதிப்படி, நாற்பத்தோராம் நாள் அது ஐந்து கிலோ தேறினால் தோட்டம் அவளுக்கு. தேறாவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு பாசித் தொட்டி வரும்.

முப்பத்தொன்பதாம் நாள் ஓர் இலை மஞ்சளித்தது.

"இரும்புச்சத்துக் குறைவு அம்மா. மருந்து கரைத்து ஊற்றிவிட்டேன். இரண்டு நாளில் பச்சையாகிவிடும்" என்றது பயிர்ப்பணியன். ஆறு கை வைத்த தோட்ட ரோபோ.

பக்கத்து வீட்டு மரகதம் எட்டிப் பார்த்தாள். "இரும்பாவது துரும்பாவது! ஊர்க்கண்ணு மதனி இது. யாரு உங்களத் தொலைவிழிக்குத் திறந்துவிடச் சொன்னா?"

தொலைவிழி என்பது எல்லோர் கண்ணிலும் பதித்திருந்த சில்லு. தோட்டக்காரர் சம்மதித்தால், படுத்த இடத்திலிருந்தே அவர் தோட்டத்தைப் பார்க்கலாம். கொடி பிஞ்சு விட்ட பெருமையில் வடிவாம்பாள் சம்மதித்திருந்தாள்.

"எத்தன பேரு பாத்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"நேற்று 8,211 கண்கள்" என்றது பயிர்ப்பணியன்.

"ஊர்ல இருக்கறதே நாலாயிரத்துச் சொச்சம் பேருதான?"

"4,105 பேர். ஒருவர் மூன்றாவது கண் பொருத்தியிருக்கிறார்."

"அந்த ஒத்தக் கண்ணுதான் மதனி!" என்றாள் மரகதம்.

மதியம் குணசீலன் வாசல் பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வீட்டு ஹீட்டரும் இருமிவிட்டு நின்றது.

"பாத்தீங்களா? காயோட நிக்கல. வீட்டுக்குள்ள வந்துருச்சு" என்றாள் மரகதம்.

திருஷ்டி கழித்துவிடலாம் என்றால் வழியில்லை. கற்பூரம் ஏற்றத் தடை. ஆக்சிஜன் குடிலில் நெருப்பு கூடாது. மிளகாயும் எலுமிச்சையும் மாத்திரையாகத்தான் வந்தன. எலுமிச்சை மாத்திரையில் குங்குமம் தடவிப் பார்த்தார்கள். கரைந்துபோயிற்று.

"பூமியில, நம்ம ஊர்ல, இதுக்குப் பூசணிக்காதான் உடைப்பாங்க" என்றான் குணசீலன், காலைத் தூக்கி வைத்தபடி.

சொன்ன பிறகுதான் மூவரும் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு ஒளியாண்டுக்குள் இருந்த ஒரே பூசணி ஸ்வெட்டருடன் உட்கார்ந்திருந்தது.

"ஒரு சந்தேகம் அம்மா" என்றது பயிர்ப்பணியன். "பூசணிக்காயைக் காப்பாற்றத்தானே பூசணிக்காயை உடைக்கிறோம்?"

"நல்ல காரியத்துல குறுக்க பேசாத" என்றாள் வடிவாம்பாள்.

ஆனாலும் அவள் உடனே பறிக்கவில்லை. காயின் மேல் கை வைத்தாள். நான்கு கிலோ தொள்ளாயிரத்து அறுபது கிராம். இன்னும் நாற்பது கிராம்தான். உள்ளே குணசீலன் முனகினான்.

"காய் போனா தோட்டந்தான் போகும். இவரு போனா?"

"கணுக்கால் சுளுக்குதான் அம்மா."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

முச்சந்தியில் மூன்று சுற்றுச் சுற்றி ஓங்கிப் போட்டாள். அந்தக் கோளில் ஈர்ப்பு குறைவு. மூன்றாவது தடவைதான் உடைந்தது. ஊரே தொலைவிழியில் பார்த்துத் திருப்தியடைந்தது. சிதறிய துண்டுகளை யாரும் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் அவை விறைத்துவிட்டன.

நாற்பத்தோராம் நாள் இலை பச்சையாகியிருந்தது. "இப்ப என்ன சொல்ற?" என்று வடிவாம்பாள் பயிர்ப்பணியனைக் கேட்டாள்.

அதற்குள் குடியேற்றக் குழுவின் அதிகாரி ஆடலரசு தராசுடன் வந்துவிட்டார். தாவரவியலில் முனைவர்.

"காய் எங்கம்மா?"

"உடைச்சாச்சு சார்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "தொட்டி கட்டிருவீங்களா?"

"பனி, பூச்சின்னு வெளிச்சேதமா இருந்தா இன்னொரு கோடை தரலாம். அறிக்கை எங்க?"

பயிர்ப்பணியன் நீட்டியது. பனி இல்லை. பூச்சி இல்லை. பூஞ்சை இல்லை. பொய் எழுத அதற்குத் தெரியாது. ஆகவே கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது: 'காய் அழியக் காரணம்: மனிதக் கண். எண்ணிக்கை: 8,211.'

ஆடலரசு இரண்டு தடவை படித்தார். "ஆதாரம்?"

"கண் பட்டிராவிட்டால் காய் இருந்திருக்கும் ஐயா. இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்."

முனைவர் வெகுநேரம் யோசித்தார். பிழை கிடைக்கவில்லை. வெளிச்சேதம் என்று ஒப்புக்கொண்டு, இன்னொரு கோடைக்குக் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தார்: அடுத்த கோடையிலிருந்து, முன்னெச்சரிக்கையாக, எல்லாத் தோட்டத்திலும் முதல் காயை உடைத்துவிட வேண்டும்.

"நாற்பத்தோரு நாளில் ஒரு காய்தான் ஐயா வரும்" என்றது பயிர்ப்பணியன்.

"வரட்டுமே. முதல்ல பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டு ஆடலரசு தராசைத் தூக்கிக்கொண்டார். முச்சந்தித் துண்டுகளை மிதித்துவிடாமல் ஓரமாக ஒதுங்கி, பாசிக் கூட்டு சாப்பிட வீட்டுக்கு நடந்தார்.