தப்புத் தோல் வாசர்

நீராவி பட்டால் தோல் சுருங்க வேண்டும். இது சுருங்கவில்லை. பிஸ்டனைக் கழற்றிப் பார்த்த அழகமுத்துவின் விரலில், இப்போதுதான் உரித்தெடுத்ததுபோல வெதுவெதுப்பாக ஒட்டியது.

குருவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் மெசின் பழுது பார்க்கும் பிட்டர். சைக்கிள் பம்பின் பித்தளைக் குழாயைச் சிலிண்டராக்கி, டின்பால் டப்பாவைப் பாய்லராக்கி, ஒரு குட்டி நீராவி இஞ்சின் செய்திருந்தான். பிஸ்டனில் ஆவி கசியாமல் அடைக்கும் வாசர்தான் அமையவில்லை. ரப்பரில் பிழைக்கிறவன் புத்தி ரப்பரைத்தான் முதலில் நம்பியது. அது சூட்டில் உப்பி இறுகிக்கொண்டது. கிரீஸ் தடவிய நூலைச் சுற்றினான், ஆவி கசிந்தது. கடைசியில், போன மாதம் செத்துப்போன தப்புக்காரர் இராமசாமியின் பூட்டிய லயத்துக் காம்பரா அறைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, ஆணியில் தொங்கிய தப்புப் பறையிலிருந்து வட்டமாக ஒரு துண்டை வெட்டி வந்தான். தோட்டத்தில் யார் செத்தாலும் முதலில் சொல்வது அந்தத் தப்புதான்.

அவன் மனைவி சுமித்ரா உள்ளே காய்ச்சலில் கிடந்தாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய லொறி மழையில் எங்கேயோ நின்றுவிட்டதாம். அவளை விட்டால் அவனுக்கு நாதி கிடையாது. சும்மா உட்கார்ந்தால் பயம் வந்துவிடும் என்றுதான் அந்தி நேரத்தில் இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஆவி கசியவும் இல்லை, தோல் இறுகவும் இல்லை. அது போதும் என்று பிஸ்டனைத் திரும்ப மாட்டினான். மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும், உடுப்பில் ஊறிய ரப்பர் பாலின் புளித்த நாற்றமும், தகரக் கூரையில் விடாமல் கொட்டும் மழையும் காம்பராவை அடைத்துக்கொண்டிருக்க, குப்பி லாம்பு வெளிச்சத்தில் சக்கரத்தின் நிழல் சுவரில் மெல்லப் பெருத்துச் சுழன்றது. சீராக ஓட வேண்டிய இஞ்சின் தயங்கித் தயங்கி அடித்தது. இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. பிறந்ததிலிருந்து கேட்ட அடி.

சாவுக் கொட்டு.

அடுப்பை அணைத்தான். நிற்கவில்லை.

பக்கத்து காம்பரா ஜெயம்மா சாக்கைத் தலையில் போட்டபடி வாசலுக்கு வந்தாள்.

"யாரு வீட்டுல தம்பி?"

"யாரும் இல்லக்கா. இஞ்சினுதான் ஓடுது."

"கொட்டு எனக்குத் தெரியாதா? ஆளு போகாம யாரு கொட்டுவா?"

அவள் பார்வை அவனைத் தாண்டி உள்ளே போனது. அவளுக்குப் பின்னால் லயத்துச் சனமே திரண்டு நின்றது. யார் முகத்திலும் இரக்கமில்லை. பெண்கள் கொண்டையை அவிழ்க்கத் தொடங்கினார்கள். சுமித்ரா உயிரோடிருக்கிறாள் என்று கத்தினான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பிஸ்டனைப் பிடித்து இழுத்தான். விரல் வெந்தது. விடவில்லை. பிடுங்கினான்.

சத்தம் நின்றது. மழை மட்டும்.

பிறகு மறுபடியும் அதே கொட்டு. உள்ளேயிருந்து.

ஓடினான். சுமித்ரா மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன.

"வலிக்குதுங்க."

வாசலில் ஒப்பாரி தொடங்கியது. கம்பளி விலகியிருந்தது. அவள் வயிற்றுத் தோல் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியதுபோல விறைத்திருந்தது. அதன்மேல் கையும் இல்லை, குச்சியும் இல்லை. தப்பின் நீளக் குச்சி பட்டதுபோல இரண்டு கோடு பதிந்து எழுந்தது. பக்கத்தில் கட்டைக் குச்சி பட்டதுபோல ஒரு குழி. மறுபடி இரண்டு கோடு. மறுபடி குழி.