மூன்றாவது ஜோடி

“மாத்திட்டியால?” என்று சிலுவைராஜ் குரல் கொடுத்தான்.

“மாத்தியாச்சுண்ணே.”

பதில் வந்தது. ஆனால் வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. தம்பி ஜேசுதாசன் இருந்தது பின்னறையில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம். மத்தியானத்திலிருந்து அவன் குரல் பலகை இடுக்கு வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த முறை அது முன்னறை மூலையில், சாக்குத்துணி ஒட்டிய மரப்பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பின்னறையில் மைக் கிடையாது. வீட்டிலிருந்த ஒரே மைக்கையும் மாதா கோயிலுக்குக் கொடுத்து ஒரு வாரமாகிறது.

சிலுவைராஜ் ஸ்பீக்கரிலிருந்து சற்றுப் பின்னால் நகர்ந்தான். உடனே தன்னையே திட்டிக்கொண்டான். பதினைந்து வருஷமாக ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுக்குள்ளே ஒரு தகடு தளர்ந்திருந்தால் அந்த வால்வே மைக்காகிவிடும். பென்சிலால் தட்டினால் தட்டுவது கேட்கும், பக்கத்தில் நின்று பேசினால் பேச்சு கேட்கும். தம்பி இப்போது மாட்டிய மூன்றாவது ஜோடி வால்வில் ஒன்று தளர்ச்சி, அவ்வளவுதான். போயும் போயும் இதற்கா பயப்படுவது!

வெளியே மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்தமானின் லாங் ஐலண்டில் மழை மாதத்தில் மத்தியானமும் சாயங்காலமும் ஒரே நிறம்தான். மரமில்லின் ஜெனரேட்டர் தயவில் குடியிருப்புக்கு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை கரண்ட் வரும். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். மறுநாள் விடிந்ததும் ஜேசுதாசன் கப்பலேறுகிறான். போர்ட் பிளேரில் ஒரு கிளப்பின் வாத்திய கோஷ்டியில் அவன் கிட்டார் வாசிப்பைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

கிட்டார் கல்கத்தா மாலுமி ஒருவனிடம் வாங்கியது. ஆம்ப்ளிஃபயரைப் பழைய சினிமா மெஷினிலிருந்து உருவி சிலுவைராஜே கட்டியிருந்தான். அதன் கடைசியில் நிற்கும் இரண்டு பெரிய வால்வுகள்தான் சத்தத்தின் குணத்தைத் தீர்மானிப்பவை. அவனிடம் மூன்று ஜோடிகள் இருந்தன. இரண்டு மெட்ராஸிலிருந்து வந்தவை. மூன்றாவதை ஒரு கப்பலின் வயர்லெஸ்காரர் கொடுத்தார், கண்ணாடியில் எழுத்தே அழிந்துபோயிருந்தது.

“மூணு ஜோடி கண்ணாடிக் குப்பிய வச்சிக்கிட்டு அண்ணனும் தம்பியும் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரில்லா பாக்குறீய” என்று சிரித்துவிட்டு சிலுவைராஜின் மனைவி செல்வம்மாள் மத்தியானமே கப்பல் ஜெட்டிப் பக்கம் போய்விட்டாள்.

அவர்கள் பார்க்கும் விதம் இதுதான். ஆம்ப்ளிஃபயரும் ஜேசுதாசனும் உள்ளே, கதவு சாத்தியிருக்கும். நீளமான வயரில் ஸ்பீக்கர் மட்டும் வெளியே, சிலுவைராஜுக்கு எதிரே. எந்த ஜோடி என்பது கேட்பவனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் காது ஓரவஞ்சனை செய்யும். ஒரே மெட்டை வாசிக்க வேண்டும், அண்ணன் ‘போதும்’ என்கிற வரை நிறுத்தக் கூடாது. இந்தப் பங்கீடு ஆசைப்பட்டு வந்ததல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பெட்டிக்குள் கைவிட்டு நானூறு வோல்ட்டில் மாட்டியதில் சிலுவைராஜின் வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. அன்றைக்கு மெயினை அணைத்து அவனைப் பிழைக்க வைத்தவன் ஜேசுதாசன். அதிலிருந்து கை வேலை தம்பிக்கு, காது வேலை அண்ணனுக்கு. தாயும் தகப்பனும் இல்லாமல் தூத்துக்குடியிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை அவன். அவன் உள்ளே கைவிடும் ஒவ்வொரு தடவையும் சிலுவைராஜ் வெளியே உட்கார்ந்து மாதாவை வேண்டி அருள்நிறை மந்திரம் சொல்வான்.

முதல் ஜோடி கணீரென்று எடுத்தது. ஆனால் ஓங்கி அடித்தால் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரத்தது. மெயினை அணைத்து, கண்டென்சரில் தங்கிய கரண்டை வடியவிட்டு, அடியில் ரெசிஸ்டரை மாற்றி, இரண்டாவது ஜோடியைப் போட ஏழெட்டு நிமிஷம் ஆனது. அது படு சுத்தம். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் ஆபீஸ்காரரின் சுத்தம். ஆனால் அதற்குள் முதல் ஜோடி எப்படிக் கேட்டது என்பதே காதில் நிற்கவில்லை. சிலுவைராஜுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“இந்தத் தடவை மெயின அணைக்காத. ஒரு கைய டவுசர் பையில போட்டுக்கிட்டு ஒத்தக் கையால மாத்து, ஷாக்கு நெஞ்சுக்குப் போவாது. காது மறக்குறதுக்குள்ள போடுல, ஜல்தி!”

“சரிண்ணே” என்றான் ஜேசுதாசன், இடுக்கு வழியாக.

அதன் பிறகு தொப்பென்று ஏதோ விழுந்தது. ஸ்டூலாக இருக்கும். அதன் பிறகுதான் ‘மாத்தியாச்சுண்ணே’ என்று ஸ்பீக்கர் பேசியது.

இப்போது மெட்டு தொடங்கியது.

அம்மாடி! சிலுவைராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் ஜோடியின் கனமும் இருந்தது, இரண்டாவதன் தெளிவும் இருந்தது, இரண்டிலும் இல்லாத ஒரு ஈரமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த இழுப்பு. கடைசிச் சுரத்தை அடித்துவிட்டு விட்டால் எந்த வால்விலும் அது தேய்ந்து தேய்ந்து அடங்கும். இங்கே அடங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பதுபோல் அப்படியே நின்றது.

“அடப்பாவி, இதுதான்ல! இதுதான்!” என்று சிலுவைராஜ் தொடையில் தட்டிச் சிரித்தான்.

ஸ்பீக்கர் வாசித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. அப்போதுதான் எதுவோ குறைகிறது என்று அவனுக்குத் தோன்றியது. சத்தத்தில் அல்ல, சத்தத்துக்குப் பின்னால். ஜேசுதாசன் வாசித்தால் கால் சும்மா இருக்காது. தூண் மேல் நிற்கும் அந்த மரவீட்டில் அவன் தாளம் போடுவது முன்னறைத் தரை வரை அதிரும், சிலுவைராஜின் உள்ளங்காலுக்கே எட்டும். இப்போது தரை அசையவில்லை. கிட்டார் தந்தியின் மொட்டைச் சத்தமும் பலகைக்கு அந்தப் பக்கம் எப்போதும் ணிங் ணிங்கென்று கேட்டுக்கொண்டிருக்கும். அதுவும் இல்லை. வாசிப்பு முழுவதும் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

“ஏல, காலத் தட்டாமலா வாசிக்க?”

“ம்” என்றது ஸ்பீக்கர்.

“மெயின் ஆன்லதான இருக்கு? பெட்டி மேல கை படாம பாத்துக்க.”

“ம்.”

எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு. திறந்து பார்த்தால் தீர்ந்தது. சிலுவைராஜ் எழவில்லை. எழுந்தால் பார்த்தாக வேண்டுமே. மெயினை அணைக்காதே என்று சொன்ன வாய் அவன் வாய். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இதோ வாசிக்கிறானே, செத்தவன் எங்கேயாவது வாசிப்பானா? மரத்த விரலை மற்றக் கையால் பிசைந்துகொண்டே அவன் மெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாடை வந்தது. முதலில் சூடான தூசி வாடை, வால்வு எரிந்தால் எப்போதும் வருவது. அதற்கு அடியில் இன்னொன்று. தீயில் போட்ட முடி.

“போதும்ல” என்றான்.

நிற்கவில்லை.

“ஜேசு, போதும். நிறுத்து. மூணாவது ஜோடிதான், முடிவு பண்ணியாச்சு. வெளிய வா.”

மெட்டு கடைசிச் சுரத்துக்கு வந்தது, நின்றது, இழுத்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அப்போது மில்லில் நாலு மணிச் சங்கு ஊதியது. தலைக்கு மேலே பல்பு சிவந்து, சுருங்கி, அணைந்தது. மேசை ஃபேன் இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது. கரண்ட் போய்விட்டது.

கிட்டார் போகவில்லை.

கண்டென்சரில் மிச்சம் இருக்கும் என்று சிலுவைராஜ் நினைத்தான். ஐந்து வினாடி தாங்கும். வால்வின் சூடு இருபது வினாடி தாங்கும். எண்ணத் தொடங்கினான். பத்து. இருபது. மெட்டு அதே சத்தத்தில் போனது. முப்பது. ஒரு இழை கூடக் குறையவில்லை. நாற்பது. அறுபது. தீவு முழுவதிலும் ஒரு சொட்டுக் கரண்ட் இல்லை.

எழுந்தான். நடந்தான். கதவைத் தள்ளினான்.

பின்னறை ஜன்னலின் மழை வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. கிட்டார் கட்டிலில் மல்லாந்து கிடந்தது, வயர் பிடுங்கிச் சுருட்டி அதன் மேலேயே வைத்திருந்தது. தந்திகள் அசையவில்லை. கழற்றிய இரண்டாவது ஜோடி துணி மேல் இருந்தது. மூன்றாவது ஜோடி இன்னும் செய்தித்தாள் பொட்டலத்துக்குள். நூல் கூட அவிழ்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பெரிய வால்வுக் குழிகளும் காலி.

ஜேசுதாசன் அதன் மேல் கவிழ்ந்து கிடந்தான். இடது கை டவுசர் பைக்குள், அண்ணன் சொன்னபடியே. வலது கை பெட்டியின் வயிற்றுக்குள்.

“ஐயோ ராசா! ஐயோ, நாந்தான்ல, நாந்தான் உன்னக் கொன்னேன்!”

சிலுவைராஜ் பிளக்கை வயரோடு பிடுங்கி எறிந்தான். ஸ்பீக்கருக்குப் போகும் வயரையும் பிய்த்தான். தம்பியை இழுத்தான். வராத கையை ஒவ்வொரு விரலாக விடுவித்து, அவனைத் தரையில் கிடத்தி, கருகிய அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஜில்லென்றிருந்தது. கழுத்தில் தொட்டான். நெஞ்சில் காது வைத்தான். ஒன்றும் இல்லை. உயிர் எப்போதோ போய்விட்டிருந்தது. தொப்பென்ற அந்தச் சத்தத்திலேயே.

முன்னறையில் மெட்டு கடைசிச் சுரத்துக்கு வந்தது. இந்த முறை திரும்பத் தொடங்கவில்லை. சுரம் அப்படியே நின்றது, நீண்டது, மெல்ல மெல்ல மெலிந்தது. மெலிய மெலிய அது தந்தியின் சத்தமாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் விடும் முனகலாக இருந்தது. முதலிலிருந்தே அதுதான்.

“அண்ணே.”

சிலுவைராஜ் திறந்த கதவு வழியாகப் பார்த்தான். அறுந்த வயர் ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் கிடந்தது. சாக்குத்துணி மூச்சு விடுவதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது.

“கைய எடுக்க முடியலண்ணே. மெயின அணைண்ணே.”

“அணைச்சாச்சுல! பிஜிலியே இல்லல, கரண்டே இல்லல, ராசா! எடுத்தாச்சுல கைய!”

“வலிக்குண்ணே. அணைண்ணே.”

தம்பிக்கு அது கேட்கவில்லை. சிலுவைராஜ் கத்தினான், தலையில் அடித்துக்கொண்டான், அணைக்க ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று உட்கார்ந்தபடியே அறையெல்லாம் கண்ணால் துழாவினான். ஒன்றும் இல்லை. அவன் மடியில் கிடந்த கை, எதையோ விட முடியாமல் பற்றியிருப்பதுபோல், விரல் விரலாக இறுகத் தொடங்கியது.