சந்து வீட்டுக்கு ஒரு நிழல்

இலையுதிர்காலம் வந்துவிட்டால் சோஃபியா நகரத்தில் பால்கனிக்குப் பால்கனி குடைமிளகாய் சுடுவார்கள். அன்று நான் அந்தச் சந்துக்குள் நுழைந்தபோதும் அந்த வாசனைதான். ஐந்து மாடிக் கட்டடங்கள் இரண்டுக்கு நடுவே, பூனைகளைத் தவிர யாருக்கும் வேண்டாத இடம். போரில் குண்டு விழுந்து அங்கிருந்த வீடு போனபின் யாரும் கட்டவில்லை. அதில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு சின்ன வீடுகளை வரைந்திருந்தேன், வாடகை கொடுக்க வழியில்லாதவர்களுக்காக. என்னோடு கட்டடக்கலை படித்தவர்கள் கடற்கரையில் ஹோட்டல் கட்டுகிறார்கள். நான் குப்பைச் சந்துகளைத் தேடி அலைகிறேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, கொஞ்சம் திமிர் உண்டு.

கீழ் வீடு ரூஜாவுக்கு. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். மகள் பிலியானாவோடு ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலன் அறையில் குடியிருந்தாள். சிறுமி போன குளிர்காலம் முழுக்க இருமினாள். இன்னொரு குளிர்காலத்தை அந்த ஈரத்தில் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனி விழுவதற்குள் கூரை போட்டாக வேண்டும்.

ஆனால் சுவர் நிற்கவில்லை.

மேஸ்திரி ஸ்தாமென் பகலில் எழுப்புவார். காலையில் வந்தால் வலது மூலையில், அதே இடத்தில், விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கும். மண்ணைச் சோதித்தோம். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

"மறுபடியும் வாயைப் பொளந்துடுச்சா?" இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து பெங்கா கேட்டாள். தன் சமையலறை வெளிச்சத்தை நான் திருடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள்.

"உங்க கண்ணுதான் பட்டிருக்கும் அத்தை."

"என் கண்ணுக்கு அவ்ளோ சக்தி இருந்தா நீ இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்ட. அந்தக் காலத்து மேஸ்திரிங்க, போறவ வர்றவ நிழலைக் கயித்தால அளந்து, அந்தக் கயித்தைச் சுவத்துக்குள்ள வெச்சுப் பூசிடுவாங்க. நிழலு போன ஆளு கொஞ்ச நாள்ல செத்துரும். சுவரு நிக்கும். படிச்ச உனக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது."

அது இங்கே எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதைதான். ஸ்தாமென் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ரூஜா சிரிக்கவில்லை. வேலைக்கு நடுவே வீட்டைப் பார்க்க வந்திருந்தவள், பிளவையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்தச் சந்தின் தரைவரை வெயில் இறங்குவது உச்சிப்பொழுதில் மட்டும்தான், அதுவும் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் ஸ்தாமென் சாப்பிடப் போயிருந்தார்; ரூஜா இன்னும் வாசலில்தான் நின்றாள். நான் பிளவுக்குள் பார்க்கக் குனிந்தேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. அதில் எரிந்த துணியின் வாடை.

காற்று நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

மூச்சு.

பின்வாங்கினேன். சுவரில் என் நிழல் விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழல், உயரமாக, தோள் ஒரு பக்கம் சரிந்து. வெயிலில் நின்றது நான் ஒருத்திதான்.

அது கையை நீட்டியது. கெஞ்சும் கை இல்லை அது. கடன்காரன் நீட்டும் கை.

எப்படித் தெருவுக்கு ஓடிவந்தேன் என்று தெரியவில்லை. ரூஜா மெதுவாகத்தான் வந்தாள்.

"பாத்தீங்களாக்கா?"

"ஒண்ணும் இல்ல. பசி மயக்கம்."

"அது கேக்குது," என்றாள்.

அதற்குப்பின் சுவர் பிளக்கவே இல்லை. ஸ்தாமென் தன் கைத்திறமை என்றார். கூரையும் ஏறியது. ரூஜாவும் மகளும் குடிவந்த அன்று, புது வீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ரொட்டியும் உப்பும் கொண்டுபோனேன். வலது மூலையில், பூச்சுக்கு வெளியே, நூல்போல ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி.

திரும்பினேன். ரூஜா ஜன்னலுக்கு எதிரே உச்சிவெயிலில் நின்றிருந்தாள். மேசைக்கு நிழல் இருந்தது. நாற்காலிக்கும் இருந்தது.

அவளுக்கு இல்லை.

"பைத்தியமாடி உனக்கு?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. துணியின் நுனியைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது.

"தொடாதீங்க. எம்பொண்ணு இருமாம தூங்குறா."

"அவளுக்கு யாருடி இருக்கா, உன்னை விட்டா?"

"அம்மா இல்லாம வளந்துடலாம்க்கா. மூச்சு இல்லாம எப்படி வளர்றது?"

நுனியை விட்டேன். சுவருக்குள் ஏதோ மெல்ல இழுத்தது. துணி உள்ளே போய்விட்டது.

முதல் பனி விழுந்த அன்று, ஆஸ்பத்திரியில், துவைத்த படுக்கை விரிப்புகளின் மேல் சாய்ந்தபடி ரூஜா செத்துக் கிடந்தாள். இதயம் நின்றுவிட்டதாம். கறுப்புக் கரை போட்ட இரங்கல் தாளில் அவள் படம், புது வீட்டுக் கதவிலேயே ஒட்டப்பட்டது. பிலியானாவைப் பார்த்துக்கொள்ள அவளுடைய சித்தி வந்து சேர்ந்தாள். சிறுமி அந்தக் குளிர்காலம் முழுக்க ஒருமுறைகூட இருமவில்லை. நான் அழுதேன், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

வசந்தத்தில் மேல் வீட்டைத் தொடங்கினோம்.

ஸ்தாமென் போன் செய்தார். "மேடம், மேல் சுவரு பொளந்துடுச்சு. அதே மூலைதான்."

போனபோது உச்சிப்பொழுது. பெங்கா என்னைக் கண்டதும் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். அவள் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

பிலியானா சமையலறையில் தயிரும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, நன்றாக இருந்தாள். சித்தி கடைக்குப் போயிருந்தாள்.

சுவரில் சிறுமியின் நிழல். அதன் தலையை வருடிக்கொண்டு இன்னொரு நிழல்.

"வாங்க இஸ்க்ரா அத்தை," என்றாள் பிலியானா, வாய் நிறைய ரொட்டியோடு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேல் வீட்டுக்கு இன்னொரு ஆளு வேணுமாம். இல்லன்னா எங்க வீடும் சேர்ந்து விழுந்துருமாம்."

"யாரு சொன்னா?"

"அம்மாதான்."

வருடிக்கொண்டிருந்த கை நின்றது.

என் குதிகாலில் ஏதோ சில்லென்று தொட்டது. கெண்டைக்காலில் ஏறியது. முதுகில் ஏறியது. தையற்காரர் நாடா பிடிப்பதுபோல, அவசரமே இல்லாமல், உச்சந்தலைவரை வந்து நின்றது.

"அசையாதீங்க அத்தை," என்றாள் பிலியானா. "அளந்து முடிக்கட்டும்."

தெருவுக்கு ஓடிவந்தேன். பெங்கா பால்கனிக்கு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலடியைப் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

இன்று காலை ஸ்தாமென் மறுபடி போன் செய்தார். மேல் சுவர் நின்றுவிட்டதாம். குரலில் அவ்வளவு சந்தோஷம். என் அறை ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். திரைச்சீலையை நான் இன்னும் விலக்கவில்லை.